நடுவில் பிரிந்த கோடு

ஊவா உயர் ஒளியியல் ஆய்வு நிலையம் என்பது மொத்தம் இரண்டு அறைகள். பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பாதையில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய மருந்துக் காம்பராவில் அது இயங்கியது. பெயர்ப்பலகை கட்டடத்தை விட நீளம். அதனால் பலகையின் ஒரு முனையைப் பக்கத்திலிருந்த கொய்யா மரத்தில் கட்டியிருந்தார்கள். காற்றடிக்கும் நாட்களில் 'நிலையம்' என்ற சொல் மட்டும் தனியாக ஆடும்.

நிலையத்தின் ஸ்தாபகர், பணிப்பாளர், தலைமை ஆய்வாளர் ஆகிய மூவரும் ஒருவரே. பேராசிரியர் மதுசூதனன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், ஜப்பானில் ஆறு மாதம் பயிற்சி பெற்றவர். அந்த ஆறு மாதத்தைப் பதினைந்து வருடங்களாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் தீரவில்லை. உதவி ஆய்வாளர், கண்ணாடி கழுவுபவர், தேநீர் போடுபவர் ஆகிய மற்ற மூவரும் விஜிதா. பூனாகலைத் தோட்டத்துப் பெண். பௌதிகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவளுக்கு அங்கே கிடைத்தது ஒரு தற்காலிக நியமனமும் ஒரு முக்காலியும்.

அங்கே நடந்த வேலையைச் சுற்றி வளைக்காமல் சொன்னால் இதுதான். ஒரு பச்சை லேசர் கதிர். அதைக் கட்டைவிரல் நகமளவு பிலிம் துண்டொன்றின் வழியே விட வேண்டும். பிலிமில் கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமாகக் கோடுகள். எல்லாக் கோடுகளும் ஒழுங்காக ஓட, நட்டநடுவில் ஒன்று மட்டும் முள்ளுக்கரண்டி மாதிரி இரண்டாகப் பிரியும். அந்தப் பிரிவில்தான் விஷயமே இருக்கிறது. அதைக் கடந்து வரும் வெளிச்சம் நேராக நடக்காது, திருகாணி போல முறுக்கிக்கொண்டு முன்னேறும். நடுவில் இருட்டு, சுற்றிலும் வெளிச்சம், அச்சு அசல் உளுந்து வடை. அந்த வடையை மைக்ரஸ்கோப் வழியாகச் சுருக்கி ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் இறக்கினால், தண்ணீரில் மிதக்கும் தூசியிலும் தூசியான தங்கத் துகள் ஒன்று வளையத்தில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும். பிலிமைத் தலைகீழாகப் போட்டால் முறுக்கும் எதிர்ப்பக்கம் மாறும், தங்கமும் எதிர்ப்பக்கம் ஓடும்.

இதைப் பேராசிரியர் பத்திரிகைக்காரர்களிடம் 'அணுவுக்குள் ஆனந்தத் தாண்டவம்' என்று வர்ணித்தார். விஜிதாவுக்கு அது பெக்டரியில் கொழுந்து உருட்டும் மெஷினாகத்தான் தெரிந்தது. ஒன்றும் குறைவில்லை, அந்த மெஷினும் அழகாகத்தான் சுற்றும்.

ஆனால் மூன்று வாரமாக அவளுக்கு ஒரு நெருடல். மைக்ரஸ்கோப்போடு பூட்டியிருந்த டீவித் திரையில் தங்கம் சுற்றியது என்னவோ உண்மை. வடையில் ஓட்டையைத்தான் காணவில்லை.

"சேர், நடுவுல இருட்டா ஒரு துளை தெரியணுமேங்க?"

"அது கருத்தளவில இருக்குது, பிள்ளை. எல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சால் விஞ்ஞானம் எதுக்கு?"

"ஒருக்கா பிலிமைத் தலைகீழாப் போட்டுப் பார்ப்பமாங்க?"

"என்ர அலைன்மென்றில கை வைக்கப்படாது. ஜப்பானில இப்பிடிக் கை வைச்சவன் ஒருத்தன் வீட்டுக்குப் போனவன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஏனென்றால் அவளுக்கு முக்கியமான ஒரு நாள் வரவிருந்தது.

அந்த நாள் இன்றுதான். 2007ஆம் ஆண்டின் ஒரு பனிமூட்டமான வெள்ளிக்கிழமை, கொழும்பிலிருந்து கலாநிதி குணமணி வருகிறார். அவருடைய ஆய்வுகூடத்தில் மேற்படிப்புக்கு ஓர் இடம் இருந்தது. அந்த அம்மா சான்றிதழ் பார்த்து ஆள் எடுப்பவர் அல்ல. வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கையைப் பார்ப்பாராம். இந்த இடம் கிடைத்தால் விஜிதா விஞ்ஞானி. கிடைக்காவிட்டால் வருடக் கடைசியோடு நியமனம் முடிந்து, முக்காலியையும் விட்டுவிட்டுப் பூனாகலைக்குப் போக வேண்டியதுதான்.

காலையில் பேராசிரியர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டே உத்தரவு போட்டார். "டவுனுக்குப் போய் என்ர நினைவுப் பரிசை எடுத்துக்கொண்டு ஓடி வாரும்."

குணமணிக்குக் கொடுக்கவிருந்த அந்த நினைவுப் பரிசு வேறொன்றுமில்லை. அந்தக் கோட்டுப் படத்தையே பெரிதாக்கி, தங்கநிறச் சட்டமிட்டு, கீழே பேராசிரியரின் பெயரைப் பட்டங்களோடு பொறித்தது. விஜிதா அச்சடித்துக் கொடுத்த கோட்டுத் தாளைப் படம்பிடித்துப் பிலிமாக்கிய அதே ஸ்டூடியோவில்தான் செய்யக் கொடுத்திருந்தார்.

*

பதுளை பஸார் வீதியில் இப்றாஹீம் நானாவின் ஸ்டூடியோ கல்யாணப் படங்களுக்குப் பேர்போனது. முக்கியமாக, மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் படங்களுக்கு. கட்டாரிலும் சவூதியிலும் லீவு கிடைக்காமல் தவிக்கும் மாப்பிள்ளைமாரைக் கொம்பியூட்டரில் கொண்டுவந்து பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் மாலையும் கொடுத்து அனுப்பும் வித்தை அவருடைய மகள் றம்ஸியாவுக்குக் கைவந்தது. மாப்பிள்ளை வந்தால்தான் அவளுக்கு வேலை குறைவு.

"வாங்க மிஸ், ஒங்கட ஐட்டம் ரெடி," என்று றம்ஸியா சட்டத்தைத் தூக்கிக் கவுன்டரில் வைத்தாள்.

விஜிதா பார்த்தாள். கோடுகள். பெரிய பெரிய, அழகான, வகிடெடுத்து வாரியது போன்ற கோடுகள். மேலிருந்து கீழ்வரை நேராக வந்தன. நடுவிலும் நேராகவே வந்தன.

அவள் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"றம்ஸியா, நடுவுல ஒரு கோடு ரெண்டாப் பிரிஞ்சி இருக்கணுமே. எங்க?"

"ஆ, அதுவா? அத நான்தான் எடுத்துட்டேன்," என்றாள் றம்ஸியா, பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு. "ஒங்கட பிரின்டர்ல ஏதோ பிழை மிஸ். நட்டநடுவுல கோடு கிழிஞ்ச மாதிரி ஈந்திச்சு. ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு கோடா இழுத்து ஒழுங்காக்கினேன். மூணு நாள் கண் வலி."

"எந்தப் படத்துல? இந்தப் பெரிய படத்துலயா?"

"ரெண்டுலயும்தான். மொதல்ல எடுத்த பிலிமும் இதுல இருந்து எடுத்ததுதானே. வாப்பா சொன்னாரு, பெரிய சேர் வேலை, பிழையோட குடுத்தா ஸ்டூடியோ பேரு கெட்டுப்போகும்ண்டு."

உள்ளேயிருந்து இப்றாஹீம் நானா விஜிதாவை நோக்கிப் பெருமையாகத் தலையை நீட்டினார். "சேருக்குச் சொல்ல வேணாம் மகள், சின்ன உதவிதானே."

விஜிதா மனதுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று வாரம். பிரிவே இல்லாத கோடுகள் முறுக்காத வெளிச்சத்தைத்தான் கொடுத்திருக்கும். வெறும் பச்சைப் புள்ளி. அந்தப் புள்ளியின் சூட்டில் சொட்டுத் தண்ணீர் சுழித்திருக்கிறது. தங்கம் அந்தச் சுழிப்பில் சும்மா மிதந்து வந்திருக்கிறது, அடுப்பில் கொதிக்கும் கேத்தலுக்குள் தேயிலைத் தூள் சுற்றுவது போல. அதைத்தான் ஆனந்தத் தாண்டவம் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். கருத்தளவிலும் துளை இல்லை.

"நான் குடுத்த தாள் எங்க? பழைய தாள்?"

"அதைத்தான் பிரேமுக்குப் பின்னால அட்டைக்குப் பதிலா வச்சி..." றம்ஸியாவின் குரல் இறங்கியது. "மிஸ், ஏன் மொகம் இப்படி? நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"நீங்க மாப்பிள்ளையையே தூக்கிட்டீங்க, றம்ஸியா."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. றம்ஸியா வாயைப் பொத்திக்கொண்டு சட்டத்தின் முதுகைப் பிரித்தாள். தாள் வந்தது. ஓரத்தில் பசை, நடுவில் சேதமில்லாத பிரிவு. இப்றாஹீம் நானா அதைச் சுவரில் ஒட்டி, விளக்குகளைப் போட்டு, கெமராவைப் பின்னுக்குப் பின்னுக்கு நகர்த்தி எடுத்தார். இருட்டறைக்குள் போனார். விஜிதா வெளியே நின்று கடிகாரத்தையும் வீதியையும் மாறி மாறிப் பார்த்தாள். கைத்தொலைபேசி அடித்தது, பேராசிரியர்.

"எங்க நிக்கிறீர்? அவ ஹாலிஎலயைத் தாண்டி டவுனுக்குக் கிட்ட வந்திட்டாவாம்!"

"சேர், பிலிம்ல பிழை இருக்குங்க, பிரிவே..."

"பிழையெல்லாம் பின்னேரம் கதைப்பம். பரிசைக் கொண்டு வாரும்!"

தொடர்பு அறுந்தது.

ஈரப் பிலிமை மணப்பெண்களின் தலைமுடி உலர்த்தும் மெஷினால் றம்ஸியாவே உலர்த்தினாள். விஜிதா பையைத் துழாவி ஒரு சிவப்பு லேசர் குச்சியை எடுத்தாள், பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது. இருட்டறைக்குள் போய், பிலிமின் வழியே சுவரில் அடித்தாள்.

நடுவில் ஒரு பொட்டு. அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்ன வளையங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்தியது போல ஒரு கறுப்பு.

"இந்த ஓட்டைக்கா இவ்வளவு பாடு?" என்றாள் றம்ஸியா மெதுவாக.

"இதுக்குத்தான்."

*

முச்சக்கரவண்டி செக்பொயின்டில் நின்றது. யுத்தம் வடக்கில், ஆனால் சோதனை எல்லா இடத்திலும். தோட்டத்துப் பெயர் போட்ட அடையாள அட்டை என்றால் கொஞ்சம் கூடவே. இளம் சிப்பாய் ஒருவன் சட்டத்தைத் தட்டிப் பார்த்தான், பிஸ்கட் டின்னைத் திறந்தான். உள்ளே டிஷ்யூவில் பிலிம், இன்னும் முழுதாகக் காயவில்லை. அதைத் தூக்கினான். நல்லவேளை, ஓரத்தில் பிடித்தான். கெட்டவேளை, மற்றக் கையின் பெருவிரல் நடுவை நோக்கி வந்தது.

"கல்யாணப் படம் மல்லி!" என்று தம்பி முறை வைத்துத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினாள் விஜிதா. "ஈரம். தொட்டா பொண்ணு மொகம் போயிடும்."

பெருவிரல் அந்தரத்தில் நின்றது. அவன் பிலிமை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். ஒரே சாம்பல் நிறம்.

"மாப்பிள்ளை எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"கட்டார்ல."

அவன் சிரித்துவிட்டான். அவனுடைய அக்காவின் கதையும் அதுதான் போலும். பிலிமைப் பக்குவமாக டின்னுக்குள் வைத்து மூடினான். வண்டி கிளம்பியபோது விஜிதா டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். பொய் எவ்வளவு லேசாக வருகிறது என்று நினைத்தாள். நிலையத்தில் பேராசிரியருக்காக இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் இப்படி லேசாக வருமா?

*

கொய்யா மரத்தடியில் வெள்ளை ஜீப் ஏற்கெனவே நின்றது. பேராசிரியர் வாசலிலேயே அவளை மறித்துச் சட்டத்தைப் பிடுங்கினார். அது பரிசுத் தாளில் சுற்றப்பட்டிருந்தது.

"சேர், ஒரே ஒரு நிமிஷங்க. மெஷின்ல இருக்கிற பிலிம்ல பிரிவு இல்ல. ஸ்டூடியோவுல திருத்திட்டாங்க. சுத்துறது தண்ணிங்க, வெளிச்சம் இல்ல. சரியான பிலிம் இந்தா இருக்கு, மாத்திருவோம்."

பேராசிரியரின் முகத்தில் ஜப்பான் முழுவதும் ஒரு கணம் இடிந்து விழுந்தது. அடுத்த கணமே அவர் அதைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"இப்ப மாத்தி, ஒண்டும் சுத்தாட்டி?"

சரியான பிலிமால் அங்கே இதுவரை யாரும் எதையும் சுற்ற வைக்கவில்லை.

"தண்ணியோ வெளிச்சமோ, சுத்துது. அது காணும்," என்றார் தாழ்ந்த குரலில். "இண்டைக்கு வாயைத் திறந்தீர் எண்டால் என்ர நிலையமும் போச்சுது, உம்மட இடமும் போச்சுது. விளங்குதோ?"

விளங்கியது. அதுதான் கஷ்டமே.

குணமணி சின்ன உருவம். பருத்திச் சேலை, தடித்த கண்ணாடி. பேராசிரியரின் வரவேற்புரை ஒளியின் வரலாற்றில் தொடங்கி ஜப்பானில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டபோது, குணமணி தனக்குக் கொடுத்த பரிசுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் தூங்குவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். விஜிதா அந்தப் பொதியையே பார்த்தாள். அந்த அம்மா எந்த நிமிஷமும் தாளைப் பிரிக்கலாம். பிரித்தால் ஒரு பார்வை போதும்.

"இனி நேரடியாகப் பார்ப்பம்!" என்றார் பேராசிரியர்.

விளக்கு அணைந்தது. டீவியில் தங்கப் பொட்டு ஒன்று மினுங்கி, நகர்ந்து, வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. பேராசிரியர் கைதட்ட இடம் விட்டார். யாரும் தட்டவில்லை.

குணமணி நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். வெகுநேரம் பார்த்தார்.

"வடிவாச் சுத்துது," என்றார். "பிலிமைத் தலைகீழாப் போடுங்கோ."

"மெடம், அலைன்மென்ற் குழம்பிப்போகும்..."

"குழம்பட்டும். தங்கச்சி, நீர் போடும்."

விஜிதா மெஷினருகே போனாள். அந்த அம்மா வந்து தோளுக்குப் பக்கத்தில் நின்றார். கையைத்தான் பார்த்தார். இருட்டில் மறுபக்கம் பேராசிரியரின் மூச்சு கேட்டது. இப்போது ஒன்று செய்யலாம். பிலிமைக் கழற்றும்போது கை தவறியது போல நகத்தால் கீறிவிடலாம். கீறல் விழுந்துவிட்டது, மன்னிக்கணுங்க, இன்னொரு நாள் வாங்க. யாருக்கும் தெரியாது. நிலையமும் தப்பும், இடமும் ஒருவேளை தப்பும். செக்பொயின்டில் வந்த மாதிரி அதுவும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"மேடம்," என்றாள். "திருப்பினாலும் அதே பக்கந்தாங்க சுத்தும்."

"ஏன்?"

"இந்த பிலிம்ல பிரிவு இல்லைங்க. வெளிச்சம் முறுக்கல. சூட்டுல தண்ணி சுழிக்குது, தங்கம் அதோட போகுது."

பேராசிரியர் இருமினார். அந்த இருமலில் ஒரு வாக்கியம் செத்துப்போனது.

"சொன்னால் காணாது," என்றார் குணமணி. "திருப்பும்."

திருப்பினாள். தங்கம் மிதந்து வந்து, வலப்பக்கமாகவே சுற்றியது.

"சரி. சுழிக்கிறது தண்ணிதான். இனி?"

"சரியான பிலிம் இருக்குங்க. இன்னைக்குத்தான் எடுத்தது. சோதிக்கல. சுத்துமான்னு தெரியாது."

"தெரியாததைத்தானே பார்க்க வந்தனான்."

பிஸ்கட் டின் திறந்தது. புதிய சொட்டு, புதிய கண்ணாடி. கதிரைக் குறைத்தாள், இந்த முறை தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டியதில்லை. திரையில் வளையம் வந்தது. நடுவில் துளை, மை வைத்தது போல. நிலையத்தில் முதல் தடவையாக ஒரு துளை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் வளையம் காலி.

தங்கப் பொட்டுகள் தூரத்தில் போயின, வந்தன. ஒன்று கிட்ட வந்து விலகியது. கட்டியாகச் சேர்ந்திருந்த ஒன்றை வெளிச்சமே தள்ளிவிட்டது. பாதையில் கொழுந்து லொறி ஒன்று உறுமிக்கொண்டு ஏற, மேசை அதிர்ந்து வளையம் கலங்கியது. விஜிதா திருகியை முடியளவு நகர்த்தினாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. "சொன்னனான்தானே," என்று பேராசிரியர் ஆரம்பித்தார்.

மிகச் சின்னப் பொட்டு ஒன்று ஓரமாக வந்தது. வளையத்தைத் தொட்டது. தயங்கியது. பிறகு யாரோ கையைப் பிடித்து இழுத்தது போல ஓடத் தொடங்கியது, இடப்பக்கமாக. ஒரு சுற்று. இரண்டு. நிற்கவேயில்லை.

விஜிதா மூச்சு விடாமல் கதிரை மறைத்து, பிலிமைக் கழற்றித் தலைகீழாகப் போட்டாள். அந்தப் பொட்டு தொலைந்துபோனது. மறுபடி காத்திருப்பு. இன்னொன்று வந்து மாட்டியது. எல்லோரும் திரையை நோக்கிக் கழுத்தை நீட்டினார்கள், ஜீப் டிரைவர் கூட ஜன்னல் வழியே.

வலப்பக்கம்.

விளக்கு எரிந்ததும் முதலில் பேசியவர் பேராசிரியர்தான். "அப்பிடியெண்டால் மெடம், முதல் காட்டினது எங்கட கட்டுப்பாட்டுப் பரிசோதனை. பிரிவில்லாத பிலிமை நான் வேணுமெண்டுதான் முன்னுக்குப் போட்டனான். மாணவர் உண்மையைக் கண்டுபிடிக்கினமோ எண்டு பார்க்கிறதுக்கு." சொல்லிக்கொண்டே, யாரும் கவனிக்காதது போல, நாற்காலியிலிருந்த பரிசுப் பொதியை எடுக்கக் கை நீட்டினார். குணமணி அதைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

கொய்யா மரத்தடியில் பரிசுத் தாளைப் பிரித்துப் பார்த்தவர், பின்னாலேயே வந்த விஜிதாவிடம் திரும்பிச் சிரித்தார். "இதைத் திருத்தினது ஆர்? கெட்டிக்காரியாய் இருக்க வேணும்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "உமக்கு எப்ப சந்தேகம் வந்தது?"

"துளையைக் காணோம்னு தெரிஞ்ச அன்னைக்கேங்க."

"அப்ப ஏன் பேசேல்லை?"

"சேர், அது கருத்தளவுல இருக்குன்னாரு."

"எங்கட ஆய்வுகூடத்தில கருத்தளவில இருக்கிறது சம்பளம் மட்டும்தான். துளையெண்டால் கண்ணுக்குத் தெரியவேணும்." ஜீப் கதவைத் திறந்தார். "பிந்திச் சொன்னது பிழை. இனி அண்டைக்கே சொல்லும். முதலாந்திகதி வாரும். அந்த ரெண்டு பிலிமையும் கொண்டு வாரும்."

ஜீப் வளைவில் மறைந்த பிறகும் விஜிதா மரத்தடியிலேயே நின்றாள். பலகை ஆடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் இப்றாஹீம் நானா கெமராவோடு வந்திறங்கினார், குழுப்படம் எடுக்க. பிரதம விருந்தினர் போய்விட்டார் என்று கேட்டதும் பேராசிரியர் கொஞ்சமும் கலங்கவில்லை. கழுத்துப்பட்டியைச் சரி செய்துகொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நின்றார். படம் அடுத்த வாரம் பத்திரிகையில் வந்தது. கலாநிதி குணமணி அவருக்குப் பக்கத்தில் நின்று, கையில் மாலையோடு, அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கொழும்பில் அந்த ஆய்வுகூடத்துக்குள் முதல் நாள் நுழைந்தபோது விஜிதா அந்தப் படத்தைச் சுவரில் கண்டாள். பக்கத்தில் தங்கநிறச் சட்டத்துக்குள் பிரிவில்லாத கோடுகள்.

"அந்தக் கெட்டிக்காரி வடிவா வெட்டி ஒட்டியிருக்கிறா," என்றார் குணமணி. "ஆனா எனக்குக் கழுத்துக் கொஞ்சம் நீளம். போய்க் கையைக் கழுவிப்போட்டு வாரும், வேலை இருக்கு."